கத்தரி

ஏப்ரல் 29

என் கத்தரி,

இது உன் டைரி. உரக்கடைக்காரர் வருஷா வருஷம் கொடுப்பது. 26ஆம் தேதி வரைக்கும் உன் கையெழுத்து. கடைசியாக, "நெல் ஊறப்போட்டது 9.10. நாளைக்கு ஐஸ் சொல்லணும்." அதற்கப்புறம் இரண்டு பக்கம் காலி. ஒன்று நீ போன நாள், இன்னொன்று உன்னைப் புதைத்த நாள். ஒன்றுமே நடக்காத மாதிரி இரண்டும் வெள்ளையாகக் கிடக்கின்றன. மூன்றாவது பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். தப்பு இருந்தால் வந்து திருத்து, பார்க்கலாம்.

இன்றைக்குப் பால் தெளி. நம் சனத்தில் ஆம்பிளைகள்தான் காட்டுக்குப் போவார்கள். பொம்பிளைகள் வீட்டிலிருந்து அழ வேண்டும். வேலையை ஒழுங்காகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் புதைத்த மேட்டில் தெளிக்கிற நவதானியத்தைப் பெண்சாதிதான் ஊறப்போட்டுக் கொடுக்க வேண்டுமாம். பதினாறாம் நாள் பார்ப்பார்களாம். பச்சையாய் முளைத்திருந்தால் போனவர் மனசு நிறைந்து போய்விட்டார். முளைக்காவிட்டால் ஏதோ குறையோடு இங்கேயே சுற்றுகிறார். உன் அக்கா கமலவேணி இதைச் சொன்னபோது, ஆபீசில் சர்க்குலர் படித்த மாதிரி இருந்தது.

ஊறப்போட்டுக் கொடுத்தேன். உன் அக்கா தூக்குவாளியை மோந்து பார்த்தார்.

"என்னடி தையலு, வறுத்த வாசனை அடிக்குது?"

"சத்துமாவு வீடு அக்கா. இந்த வீட்டுல தண்ணி மொண்டாலும் அந்த வாசனைதான்."

"அதுவும் சரிதான்" என்று மூக்கைச் சிந்தினார். உன் தம்பி பக்கிரிசாமி வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். நான் வாணலியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

மே 1

துக்கம் கேட்க வருகிறவர்கள் மூன்று வகை. வந்ததும் அழுகிறவர்கள், காப்பி குடித்துவிட்டு அழுகிறவர்கள், என்னை அழ வைக்காமல் போகமாட்டேன் என்று உட்காருகிறவர்கள். மூன்றாம் வகையில் இன்று நாலு பேர்.

"எப்படிம்மா ஆச்சு?"

"காலையில வேலைக்குப் போனாங்க. பதினோரு மணிக்கு லேப்புல சாஞ்சுட்டாங்களாம்."

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியா? நெஞ்சு வலிக்குது, கிஞ்சு வலிக்குதுன்னு?"

"சொல்லல."

எல்லோரும் இதையே கேட்கிறார்கள், நானும் இதையே சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு இவ்வளவு மனப்பாடமாக வந்ததில்லை.

சத்துமாவு வாங்க ஒரு பெண் வந்து, பந்தலைப் பார்த்துவிட்டுத் தயங்கி நின்றாள். இடுப்பில் கைக்குழந்தை. டப்பாவில் மிச்சம் இருந்ததைக் கட்டிக் கொடுத்தேன். வழக்கம்போல வாய் தானாகச் சொன்னது: "முளை கட்டி அரைச்சதும்மா. முளைக்கறப்போ தானியமே பாதி செரிமானத்தை முடிச்சு வச்சிரும். பிள்ளை வயித்துக்குச் சுலபம்." சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது, அது உன் பேச்சு. இருபத்திரண்டு வருஷம் உன் உபதேசம் காதில் விழவில்லை என்று நினைத்தேன். எல்லாம் விழுந்துதான் இருக்கிறது, பாழாய்ப் போன காது.

ஆஸ்பத்திரியில் கொடுத்த நீலப் பை ஆணியில் தொங்குகிறது. உன் சட்டை, துணிப்பையோடு உன் டிபன் பாக்ஸ், உன் செருப்பு. செருப்பை டிபன் பாக்ஸோடு போட்டுக் கொடுத்த புண்ணியவான் யாரோ.

மே 3

மிக்சி போடவில்லை. தேங்காயை அம்மியில் அரைத்தேன்.

மே 4

காலண்டரில் சிவப்பாகப் போட்டிருக்கிறது: அக்னி நட்சத்திரம் ஆரம்பம். தெருவில் எல்லோர் வாயிலும் உன் பெயர். "கத்தரி பொறந்துருச்சு", "கத்தரி இந்த வருஷம் கொல்லப் போகுது", "கத்தரியில வெளியில போவாத." வெயிலுக்கு அந்தப் பேர் இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. எனக்குக் கத்தரி என்றால் நீதான்.

நினைவு இருக்கிறதா? கல்யாணமாகி நாலாம் மாசம் உனக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்தது. பாத்திரம் கழுவுவது, ஐஸ் வாங்குவது, முளைத்த நெல்லை உரலில் அரைப்பது. ஒரு வாரத்தில் விஞ்ஞானி மாதிரி பேச ஆரம்பித்துவிட்டாய். "தையலு, நெல்லு ஒரு பூட்டின பத்தாயம். உள்ள தன் பிள்ளைக்குன்னு புரதத்தை மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்கு. ஆனா மூட்டைய அப்படியே முழுங்க முடியுமா? தண்ணி பட்டதும் முளை உள்ளயிருந்து சேதி அனுப்பும். தவிட்டுத் தோலு அதைக் கேட்டுக் கத்தரி செஞ்சு அனுப்பும், படிச்சவங்க என்சைம்பாங்க. கத்தரி மூட்டைய நறுக்கு நறுக்குன்னு நறுக்கிப் பொடி மணியாக்கும். பிள்ளை சாப்பிடும்." நான் அரிசி களைந்துகொண்டே, "என்ன கத்தரி, கத்தரிக்காயா?" என்றேன். உனக்குக் கோபம். அன்றிலிருந்து வெளியில் "ஏங்க", கதவைச் சாத்தினால் "கத்தரி".

நீயும் விடவில்லை. "தையல்நாயகிக்குக் கத்தரி இல்லாம முடியுமா?" என்றாய். மட்டமான ஜோக். சிரித்துத் தொலைத்தேன்.

பக்கிரிசாமி தினமும் மேட்டுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறான். செல்போனில் படம் எடுத்து வந்தான். செம்மண், ஒரு காய்ந்த மாலை, ஒரு ஆடு.

"இன்னும் ஒண்ணும் வரல அண்ணி."

"ஆடு வந்திருக்கே."

அவன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் முழித்தான்.

மே 6

ஆறு நாள், ஏழு நாள் ஆயிற்று. பயறு ஒரு நாளில் முளைக்கும், உளுந்து இரண்டு நாளில். ஒன்றும் இல்லை. ஊரே விதை ஆராய்ச்சி செய்கிறது. பக்கிரிசாமி கடைக்காரரைத் திட்டினான், கடைக்காரர் பூச்சி மருந்தைத் திட்டினாராம். எதிர்வீட்டு மாமா மண்ணில் உப்பு என்றார். உன் அக்கா யாரையும் திட்டவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே வெற்றிலை மடித்தார்.

"அழுவிப் போச்சு அண்ணி. ஊறி, உப்பி, நாறிப் போச்சு. ஒண்ணுல கூட மூக்கு நீட்டல" என்றான் பக்கிரிசாமி.

உள்ளே கத்தரி செத்திருந்தால் மூட்டையை யார் நறுக்குவது? முளையின் கண் முன்னாலேயே சோறு இருக்கிறது, சாப்பிட வழியில்லை. இதையும் நீதான் சொன்னாய்: "சூடு பட்டா கத்தரி மழுங்கிரும் தையலு, அப்புறம் அது வெறும் இரும்பு." அதனால்தான் ஐஸில் வைத்து அரைப்பீர்களாம். ஐஸ் இல்லாவிட்டால் கத்தரி கத்தரியையே வெட்டிக்கொள்ளுமாம். நம் வீட்டு விசேஷங்களுக்கு அந்த ஐஸ் பெட்டியைக் கொண்டு வந்திருக்கலாம்.

மே 8

நீலப் பையைத் துடைத்தேன். திறக்கவில்லை.

மே 12

பதினாறு. கருமாதி. பந்தி, பாயசம், வடை. நீ இருந்தால் வடை எண்ணெய் குடித்திருக்கிறது என்று சொல்லியிருப்பாய். குடித்துத்தான் இருந்தது.

பெரியவர்கள் காட்டுக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதற்கு நம் சனத்தை மிஞ்ச ஆள் கிடையாது. உன் அக்காதான் கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்:

"ஒரு பச்சை இல்ல. ஒரு புள்ளி இல்ல. என் தம்பி குறையோடதான் போயிருக்கான். என்ன குறைன்னு நான் சொல்லணுமா? இருபத்திரண்டு வருசம், ஒரு புழு பூச்சி கிடையாது. வயித்துலயும் முளைக்கல, மேட்டுலயும் முளைக்கல. கை ராசி அப்படி."

பந்தியில் பாயசம் ஊற்றியவர் கரண்டியோடு நின்றுவிட்டார். நான் சொன்னேன், "அக்கா, பாயசம் ஆறுது. உக்காருங்க." வேறு என்ன சொல்வது? டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து யாருக்குக் குறை என்று படித்துக் காட்டுவதா? அந்தச் சீட்டை நீயும் நானும் மட்டும் பார்த்தோம். பார்த்த அன்றைக்கே நான் அடுப்பில் போட்டேன். உன் அக்காவுக்கு அது தெரியாது. தெரியவும் வேண்டாம்.

சரி, எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை யார் படிக்கப் போகிறார்கள்.

நான்தான் வறுத்தேன். ஏப்ரல் 28 சாயங்காலம், கூடத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, ஒன்பது தானியத்தையும் வாணலியில் போட்டுச் சிறு தீயில். நிறம் மாறக் கூடாது, கை பொறுக்காத சூடு வர வேண்டும். இருபது வருஷம் சத்துமாவு வறுத்த கை. ஆறவைத்து, கழுவி, ஊறப்போட்டேன். முளைத்தால் நீ நிறைந்து போய்விட்டாய் என்று சொல்லிவிடுவார்கள் அல்லவா? நிறைந்து போக நீ என்ன விருந்தா சாப்பிட்டாய்? ஒரு பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவனுக்கு நிறைவு எங்கிருந்து வரும்? சொல்லி முடிக்கிறவரைக்கும் இங்கேயே சுற்று.

முளைக்காத வயிறு என்று கேட்டபோது வலித்தது. ஆனால் நீ போகவில்லை. கணக்கு சரி.

மே 13

உன் லேப் ஹேமாவதி மேடம் வந்தார். பக்கிரிசாமி போய் அழைத்து வந்திருக்கிறான். முப்பதாம் நாளைக்குள் மறுபடி தெளித்துப் பார்க்கலாம் என்று உன் அக்கா யோசனை. "நெல்லு ஒண்ணு போதும். ஆராய்ச்சி விதையா இருக்கட்டும். அவன் வேலை பாத்த இடத்து விதை, அதுவாச்சும் அவனுக்கு விசுவாசமா இருக்கும்." விசுவாசம் என்று சொன்னபோது பார்வை எங்கே இருந்தது என்று எழுத வேண்டுமா?

மேடம் ஒரு பழுப்புக் கவரில் நெல் கொண்டு வந்தார். பத்து நாள் முன்னால் அறுத்த புது நெல்லாம். வயலில் நல்ல விளைச்சல் என்றார். கவரை என் கண்ணைப் பார்க்காமல் நீட்டினார். அவருக்கு முன்னால்தானே நீ சாய்ந்தாய்.

"அவர் உங்ககிட்ட அந்த பேப்பர் பத்திச் சொல்லியிருப்பாரே" என்றார்.

"சொன்னாங்க மேடம்" என்றேன்.

எந்தப் பேப்பர்? எனக்குத் தெரியாது. ஆனால் பெண்சாதிக்குத் தெரியாதது வேலை பார்த்த இடத்து மேடத்துக்குத் தெரியும் என்பதை உன் அக்கா முன்னால் ஒத்துக்கொள்வேனா? மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ்வளவு சந்தோஷப்பட்டார்" என்றார். நானும், "ஆமா, ரொம்ப" என்றேன். புருஷன் செத்த பதினேழாம் நாள் எவ்வளவு அழகாகப் புளுகுகிறேன், பார்.

மே 14

இந்த முறை வாணலி வேண்டாம். உன் அக்கா மூக்கு சும்மா இருக்காது. சமையலறைக்குள்ளேயே பாய் போட்டுப் படுக்கிறார்.

கவரைக் கறுப்பு பாலிதீன் பையில் சுற்றிக் கொல்லைப்புறக் குளியலறைத் தகரத்தின் மேல் வைத்தேன். அந்தத் தகரத்தில் பகலில் தண்ணீர் தெளித்தால் சீறும். ஐந்தாறு நாள் வெந்தால் அதற்குள் எந்தக் கத்தரி பிழைக்கும்? கத்தரியைக் கத்தரி வெயிலில் வைத்துக் கொல்லுகிறேன். கேட்டிருந்தால் மட்டமான ஜோக் என்று சொல்லியிருப்பாய். யாரிடம் கற்றுக்கொண்டது?

"விதை எங்கடி?" என்று உன் அக்கா கேட்டார்.

"பத்திரமா உசரத்துல வச்சிருக்கேன்" என்றேன். அது பொய் இல்லை.

மே 15

வெயில் நூற்றி ஆறு என்று டிவியில் சொன்னான். தாராளமாகச் சொல்லட்டும்.

மே 16

இன்றைக்கு உன் அக்கா சட்னி அரைக்க மிக்சியைப் போட்டார். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தேன்.

"என்னடி?"

"சத்தம் தாங்கல."

"இத்தினி வருசமா இந்தச் சத்தத்துலதானே பொழப்பு நடத்துன? புதுசா காது முளைச்சிருச்சா?"

ஆமாம் அக்கா, அதுதான் முளைத்திருக்கிறது. தாமதமாக.

மே 17

தகரத்தின் மேல் காக்காய் உட்கார்ந்து பையைக் கொத்தியது. விரட்டினேன். கொல்லப் போட்டதைக் காக்காயிடமிருந்து காப்பாற்றினேன். பைத்தியம்தான்.

மே 18

அன்றைய காலையை எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் மிக்சிச் சத்தம் மாதிரி தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏப்ரல் 27, எட்டே கால். முந்தின நாள் ஒரு வாடிக்கைக்காரி வீட்டில் மாவுப் பொட்டலத்தைக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். நீ மறந்து திரும்பக் கொண்டு வந்துவிட்டாய். அந்தக் கோபம். நீ வாசல்படியில் நின்று, "தையலு, இங்க பாரேன், ஒண்ணு சொல்லணும்" என்றாய். மறுபடியும் நெல்லுக் கதை என்று நினைத்தேன். தேங்காய்ச் சட்னி அரைத்து முடித்திருந்தேன். ஜாரைக் கழுவி மாட்டினேன். கழுவின ஜாரைத்தான், கத்தரி. உள்ளே ஒரு துண்டுத் தேங்காய் கூட இல்லை. வெறும் ஜாரைப் போட்டு மூன்றாம் நம்பரில் ஓடவிட்டேன்.

நீ பேசினாய். உதடு அசைந்தது. வலது கை இடது பக்கம் சட்டைப் பையின் மேல் இருந்தது. ஒரு தடவை தட்டினாய். நான் மிக்சியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அணைத்தபோது வாசல் காலி.

"வீட்டுல ஒண்ணும் சொல்லலியா?" என்று எத்தனை பேர் கேட்டார்கள். சொல்லவில்லை என்று சொன்னேனே, அது பொய். சொன்னாய். நான்தான் கேட்கவில்லை.

மே 19

பையை இறக்கினேன். கையில் எடுக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. நெல் பார்க்க முன்னே மாதிரியேதான் இருந்தது. செத்தால் முகம் மாறும் என்று யார் சொன்னார்கள்? நீயும் தூங்குகிற மாதிரிதான் இருந்தாய்.

ஊறப்போட்டு, வடிகட்டி, ஈரத்துணியில் கட்டிக் கொடுத்தேன். பக்கிரிசாமி எடுத்துப் போனான். போகும் முன் உன் அக்கா மூட்டையை மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. ஏமாந்த முகம்.

மே 22

பக்கிரிசாமி ஓடி வந்தான். நான் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

"அண்ணி! அண்ணி! வந்துருச்சு!"

"யாரு?"

"நெல்லு! மேடு பூரா! ஊசி ஊசியா வெள்ளையா மூக்க நீட்டியிருக்கு. ஒண்ணு பாக்கி இல்ல. நான் எண்ணிப் பாத்தேன், எண்ண முடியல!"

உன் அக்கா கூடத்திலிருந்து ஓவென்று அழுதுகொண்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. "என் தம்பி நிறைஞ்சுட்டான்டி. உன் கை ராசிடி." பத்து நாளில் என் கை எப்படி மாறிவிட்டது, பார். எனக்கு அழுகை வரவில்லை. ஈரத்துணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். கொன்றுதானே கொடுத்தேன்? எப்படி எழுந்தது?

கோபம்தான் வந்தது. உன் மேல்தான். இருக்கச் சொன்னால் இருக்க மாட்டாயா?

மே 24

ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனேன். துக்க வீட்டுப் பெண் முப்பது முடியாமல் வாசல் தாண்டக் கூடாதாம். தாண்டினேன். பஸ்காரன் ஒன்றும் கேட்கவில்லை.

மேடம் நாற்காலி போட்டார். உன் உரல் மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை.

"மேடம், அந்த நெல்லை அஞ்சு நாள் தகரத்து மேல வெயில்ல வச்சிருந்தேன். கறுப்புப் பையில சுத்தி. அது எப்படி மேடம் முளைச்சுது? செத்திருக்கணுமே?"

ஏன் வைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, தெரியாமலேயா செஞ்சீங்க! நான்தான் சொல்ல மறந்துட்டேன், பதறிக்கிட்டு வந்ததுல. அது புது நெல்லும்மா. புது நெல்லுக்கு உறக்கம் உண்டு. அறுத்த உடனே தண்ணி காட்டினா எழுந்திருக்காது. முளை சேதி அனுப்பாது, தோலு கத்தரி செய்யாது. காய்ஞ்ச நெல்லை அஞ்சு நாள் அம்பது டிகிரில வச்சாத்தான் உறக்கம் கலையும். தகரம்னா ராத்திரியில ஆறியிருக்கும், ஆனாலும் போதும்போல இருக்கு. நீங்க அப்படியே போட்டிருந்தா ஒண்ணுகூட முளைச்சிருக்காது."

"சூடு பட்டா கத்தரி மழுங்கிரும்னு அவங்க சொல்வாங்களே."

"ஈரமா இருந்தா மழுங்கும். வாணலிச் சூட்டுலயும் மழுங்கும். காய்ஞ்ச விதை, அளவான சூடு, அது வேற. இங்க அந்தச் சூட்டுப் பெட்டியப் பார்த்துக்கிட்டதே உங்க வீட்டுக்காரர்தான். 'என் வீட்டுல சொல்லிச் சொல்லி அவளுக்கு மனப்பாடம் மேடம்'பாரு."

மனப்பாடம்! பாதிப் பாடத்துக்கு மனப்பாடம், கத்தரி. சூடு கொல்லும் என்பது வரைக்கும் கேட்டிருக்கிறேன். சூடு எழுப்பும் என்று நீ சொன்ன அன்றைக்கு நான் உளுந்து களைந்தேனோ, மிக்சி போட்டேனோ.

நான் சும்மா விட்டிருந்தால் முளைத்திருக்காது. நீ இங்கேயே இருந்திருப்பாய். இருக்க வைக்கிறேன் என்று நானே எழுப்பி அனுப்பியிருக்கிறேன். என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு பட்டம் கொடுக்கலாம்.

கிளம்பும்போது கேட்டேன். "மேடம், அன்னைக்கு ஒரு பேப்பர்னு சொன்னீங்க. அவங்க சொன்னாங்கன்னு நான் பொய் சொல்லிட்டேன். எனக்குத் தெரியாது."

மேடம் கவிழ்ந்து கிடந்த உரலை நிமிர்த்தி வைத்தார். பிறகு சொன்னார். முளைக்கிற நெல்லின் கத்தரியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை அச்சுக்குப் போகிறதாம். கடைசியில் நன்றி என்று போட்டு உன் பெயரை எழுதியிருக்கிறாராம். அந்தப் பக்கத்தை 26ஆம் தேதி சாயங்காலம் உன் கையில் கொடுத்தாராம். "நாளைக்குக் காலையில அவகிட்ட காட்டுறேன் மேடம், ராத்திரியில காட்டினா மாவு வறுக்கற அவசரத்துல சரியாப் பாக்க மாட்டா" என்றாயாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதுவரைக்கும் வராதது அங்கேதான் வந்தது. நடத்துனர் டிக்கெட் கேட்காமலே போய்விட்டார்.

மே 25

நீலப் பையைத் திறந்தேன்.

சட்டையை நடுவில் நீளமாக வெட்டியிருக்கிறார்கள். அவசரத்தில் பொத்தான் கழற்ற நேரமில்லாமல் ஆஸ்பத்திரிக்காரர்கள் கத்தரிக்கோல் போட்டிருக்கிறார்கள். உன்னைப் பார்க்க வந்த கடைசிக் கத்தரி அது. அதுவும் உள்ளே இருந்ததை எடுத்துக் கொடுக்கவில்லை.

சட்டைப் பை காலி. ஒரு பேனா மூடி மட்டும்.

காகிதம் டிபன் துணிப்பைக்குள், பாக்ஸுக்கு அடியில் இருந்தது. நாலாக மடித்து, எலுமிச்சை சாதத்தின் எண்ணெய் இறங்கி, மஞ்சளாக. எல்லாம் இங்கிலீஷ். கடைசி வரியில் எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். சிங்காரவேலு. பெரிய எழுத்தில் ஆரம்பித்திருக்கிறது. உனக்கு அது பிடித்திருக்கும்.

ஆனால் டிபன் பைக்குள் எப்படி வந்தது? காலையிலேயே அங்கே வைத்துவிட்டாயா? இல்லை, சட்டைப் பையில் வைத்திருந்து, நான் முகம் கொடுக்காத கோபத்தில் லேப்புக்குப் போய் மாற்றி வைத்தாயா? மேடத்தைப் போனில் கேட்டேன். தெரியாது என்றார். பக்கிரிசாமியைக் கேட்டேன். "என்ன அண்ணி, இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றான்.

மே 26

முப்பது. படையல் ஆனதும் உன் அக்கா என் கையைப் பிடித்தார்.

"வா, பாத்துட்டு வருவோம்."

"பொம்பளைங்க போகக் கூடாதுன்னு நீங்கதானே அக்கா சொன்னீங்க."

"சொன்னேன். இப்ப வான்னும் நான்தான் சொல்றேன். எவன் கேக்குறான்னு பாப்போம்."

போனோம். யாரும் கேட்கவில்லை. ஆட்டுக்காரர் மட்டும் ஒதுங்கி நின்றார்.

படத்தில் பார்த்தது மாதிரி இல்லை. நாற்றங்கால் மாதிரி அடர்ந்து, விரல் நீளம், அப்படி ஒரு பச்சை. காற்றில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து எழுந்தன. உன் அக்கா குனிந்து தடவினார், தம்பி தலையைத் தடவுகிற மாதிரி. "அன்னைக்கு ஏதோ பேசிட்டேன். மனசுல வச்சுக்காத" என்றார். வேறு திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருக்கு அவ்வளவுதான் முடியும்.

"அக்கா, முத தடவை நான்தான் வறுத்துக் கொடுத்தேன்" என்றேன்.

அவர் திரும்பவில்லை. நாற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எனக்கு மூக்கு இல்லேன்னு நெனச்சியா?"

இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் நெல் உமி மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அழுத்தினேன், உள்ளே ஒரு சொட்டுக் கூழ். எல்லாவற்றையும் நறுக்கித் தீர்த்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, காலியாக. நீ சொன்னது எல்லாமே சரியாகத்தான் இருக்கிறது, கத்தரி. நன்றி என்று உன் பெயரைப் போட்டதும் சரிதான்.

வீட்டுக்கு வந்து மிக்சியைப் போட்டேன். வெறும் ஜார். மூன்றாம் நம்பர். வாசல்படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ அங்கே நின்றாய், உதடு அசைந்தது, கை இடது பக்கம் போனது. ஒரு தட்டு. எத்தனை தடவை ஓடவிட்டாலும் அதே ஒரு தட்டுதான். சட்டைப் பையை நெஞ்சுக்கு மேலேதான் தைக்க வேண்டும் என்று எந்தத் தையல்காரனுக்குத் தோன்றியதோ.

மிக்சியை அணைத்துவிட்டேன், கத்தரி. இப்போது ஒரு சத்தமும் இல்லை, நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கு உன் கை தொட்டது காகிதத்தையா, வலியையா?